மணியம் கடை விலை

சென்ற மாதம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் புக்கிட் பெலிம்பிங்கில் மதியம் மூன்று மணிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, வெயில் அப்படி. ஆனாலும் வந்தார்கள். சங்கத்தின் முதலீடுகளைப் பார்த்துக்கொள்ளும் நரம்பு வலை என்ற கணினி நிரலுக்கு இனிமேல் ஆள் போய்ச் சாமான் விலை எழுதி வர வேண்டியதில்லையாம். பெரிய கடைகளின் இணையப் பக்கங்களிலிருந்து அதுவே விலையை எடுத்துக்கொள்ளுமாம். முன்பு அந்த வேலையைச் செய்தவள் என்ற முறையில் சங்க மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பேனா ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பகல் கனவுக்காரி. கோலா சிலாங்கூரில் எங்கள் அலுவலகம் கடைவீட்டின் மாடியில் இருந்தது. என் மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ஆறு. காலையில் சேறு தெரியக் கிடக்கும். மதியத்துக்குள் கடல் தண்ணீர் ஏறி மீன்பிடிப் படகுகளை மெல்லத் தூக்கிவிடும். எப்போது ஏறியது என்று பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் பிடிபடவில்லை. அந்த மேசையை எனக்குக் கொடுத்தது சங்கம் செய்த பெரிய நஷ்டம் என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

பிறந்தது சுங்கை ஆயர் தாவார் போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். ஐந்தாம் படிவம் முடித்துத் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தேன். தபாலில் படித்தேன், பரீட்சை எழுதினேன், ஒன்றில் தோற்று மறுபடி எழுதினேன், கடைசியில் முதலீட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். இதை விரித்துச் சொன்னால் என் பிள்ளைகளே எழுந்து போய்விடுவார்கள்.

அந்தப் பிரிவின் தலைவர் சவரிமுத்து சார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஓய்வு வயது தாண்டியும் சங்கம் அவரை விடவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதில் பென்சில். எந்த எண்ணை அவரிடம் கொண்டு போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க பார்த்தீங்க?" பேப்பரில் பார்த்தேன் என்றால் எந்தப் பேப்பர் என்பார். யாரோ சொன்னார்கள் என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். சீவல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து அன்றைக்கு எங்கள் கதி என்ன என்று முடிவு செய்வோம்.

எங்கள் பொறுப்பில் இருந்ததில் என் மனத்துக்கு நெருக்கமானது முதியோர் நிதி. தோட்டங்கள் கைமாறியபோது வேலை விட்டவர்கள், தங்களுக்குக் கிடைத்த தொகையை அதில் போட்டிருந்தார்கள். பதிலுக்கு உயிர் உள்ளவரை மாதாமாதம் ஒரு பணம். பெரும்பாலும் தனியாக இருக்கும் பெண்கள். சாமான் விலை எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பணத்தையும் கூட்டித் தர வேண்டும். அதுதான் சங்கம் கொடுத்த வாக்கு.

விலை ஏற்றத்தை அளக்க அரசாங்கக் கணக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். சார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது நாட்டில் எல்லா வீட்டுக்குமான கணக்கு, நம் ஆட்களுக்குக் காரும் விமான டிக்கெட்டும் எதற்கு என்பார். அவரே பதினோரு சாமான் கொண்ட ஒரு பட்டியல் போட்டார். அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், நெத்திலி, தேங்காய், எண்ணெய் என்று போகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் ஒரே கடையில் அவற்றை வாங்கி, கொடுத்த விலையை நீல நோட்டில் எழுத வேண்டும். விலை கேட்டு எழுதக் கூடாது. வாங்கித்தான் எழுத வேண்டும். கேட்டால் சொல்கிற விலை வேறு, கையிலிருந்து போகிற விலை வேறு என்பது அவர் கட்சி. வாங்கிய சாமானை வாரம் ஒருவராக வீட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

கடையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மணியம் கடை. மணியமும் நானும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். என் அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போனால் அவன் அம்மா பாக்கியம் அத்தைதான் எனக்குச் சோறு ஊட்டுவார். கடை சுத்தமாக இருக்கும், சாமான் நன்றாக இருக்கும், எல்லா இனத்தவரும் வாங்க வருவார்கள். இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். பலகைச் சுவரைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

நரம்பு வலை பிறகு வந்தது. அதை அமைத்தவள் ஹேமா. புஞ்சாக் ஆலாமிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருவாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், என்னை ஆன்ட்டி என்பாள், முதல் வாரம் அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம். நிதியை நீண்டகாலப் பத்திரங்களில் எவ்வளவு, குறுகிய வைப்புகளில் எவ்வளவு, செம்பனை எண்ணெய் நிறுவனப் பங்குகளில் எவ்வளவு என்று பிரித்து வைப்பதுதான் எங்கள் வேலை. அதுவரை சார் அதைப் பென்சிலாலும் அளவுகோலாலும் செய்து வந்தார். இனி வலை யோசனை சொல்லும், சார் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று ஏற்பாடு.

அது எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஹேமாவிடம் கேட்டேன்.

"தப்புப் பண்ணித்தான், ஆன்ட்டி. பழைய வருஷத்து நெலவரத்தக் கொடுத்து, நீ என்ன பண்ணுவேன்னு கேப்போம். அது ஒண்ணு சொல்லும். எவ்ளோ தப்புன்னு நாம காட்டுவோம். கொஞ்சம் திருத்திக்கும். இப்படியே லட்சம் தடவ."

"எது தப்புன்னு யாரு சொல்றது?"

"நாமதான். நிதிக்கு வந்த லாபத்துல சாமான் வெல ஏத்தத்தக் கழிச்சா என்ன மிஞ்சுது, அதான் மார்க். வெல ஏத்தம் எதுன்னா, உங்க நீல நோட்டு."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, தலைகால் புரியவில்லை. வலை கற்றுக்கொள்ளும் நேரங்களில் ஹேமாவின் திரையில் ஒரு கோடு மெதுவாகக் கீழே இறங்கும். தப்பு குறைகிறது என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வடியும், உள்ளே கோடு இறங்கும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எத்தனை மதியங்கள் போயின என்று கணக்கில்லை. நான் வாங்கிய வெங்காயமும் மிளகாயும் அதற்குள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன என்ற நினைப்பு ஒரு மயக்கம்போல இருந்தது.

நோய்க்கால முடக்கம் முடிந்து கடைகள் திறந்த பிறகு விலைகள் ஏறத் தொடங்கின. பேப்பரில் தினமும் அதே பேச்சு. ஹேமா காலையில் வந்ததும் புஞ்சாக் ஆலாம் விலையைச் சொல்லிப் புலம்புவாள். அது பெரிய ஊர், அங்கே அப்படித்தான் இருக்கும் என்பேன். எங்கள் நீல நோட்டில் விலை நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுச் சாமானும் மணியம் கடையில்தான். எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடற்கரை ஊர், செலவு குறைவு என்று ஊர்ப் பெருமை வேறு பேசினேன். சார் இரண்டு முறை நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "எங்க பார்த்தீங்க?" என்றார். வாங்கித்தான் எழுதினேன் சார் என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். விலை அடங்கியிருக்கிறது என்று நம்பிய வலை, நிதியில் பெரும் பகுதியை நீண்டகாலப் பத்திரங்களிலேயே வைத்திருக்கச் சொன்னது.

அந்த நாள்களில்தான் கோவிந்தம்மா அக்கா வந்தார். எழுபது தாண்டியவர், கணவர் இல்லை, சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒற்றை அறை வாடகை வீடு. இரண்டு பஸ் மாறி வந்து என் மேசைக்கு முன் உட்கார்ந்து, மாதப் பணம் பத்தவில்லை என்றார். அடுத்த மாதமும் வந்தார். மூன்றாவது முறை வந்தபோது நான் விலைக் கோடு தெரிந்த திரையை அவர் பக்கம் திருப்பினேன். இதோ பாருங்க அக்கா, சாமான் விலை இவ்வளவுதான் ஏறியிருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி உங்க மாசப் பணத்துல பத்து வெள்ளி கூட்டிட்டோம் என்று விளக்கினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். சரிம்மா என்று எழுந்து போனார். அதன்பின் வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்று வாரம் விடுப்பு. ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் பழைய மங்கல். வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மரம், மேகம், தூரத்தில் போகும் லோரி எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அந்த மூன்று வாரமும் எனக்குச் சுகமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பதிலாக ஹேமா நீல நோட்டை எடுத்துக்கொண்டு மணியம் கடைக்குப் போனாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அலுவலகத்தில் ஒரே குழப்பம். வலை புரண்டுவிட்டது. பத்திரங்களில் பாதிக்கு மேல் உடனே விற்று, குறுகிய வைப்புக்கும் பங்குகளுக்கும் மாறச் சொன்னது. நிர்வாகக் குழுவில் ஒருவர், இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாராம். ஹேமாவின் முகம் வெளுத்திருந்தது. மூன்று வாரமாக அவள் எழுதிய விலைகள் என் விலைகளைவிட எங்கோ உயரத்தில் இருந்தன. சின்ன வெங்காயம் என் கணக்கில் கிலோ ஏழு வெள்ளி. அவள் கணக்கில் பதினொன்று. எல்லாச் சாமானும் அப்படித்தான். ஹேமா தப்பாக எழுதிவிட்டாள் என்றே எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். சார் மட்டும் முடிவு செய்யவில்லை. நீங்கள் போய் மறுபடி வாங்கி வாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனேன். புதுக் கண்ணுக்கு எல்லாம் அளவுக்கு மீறிய வெளிச்சம். மணியம் கடையில் மிளகாயின் சிவப்பு கண்ணைக் குத்தியது. எனக்கு முன்னால் ஒரு மலாய்க்கார அம்மா ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி, காசு கொடுத்துவிட்டுப் போனார். மணியம் அவரிடம் வாங்கியது பதினொரு வெள்ளி. அடுத்து எனக்கு நிறுத்தான். "ஏழு வெள்ளி அக்கா" என்றான்.

நான் பணத்தை எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"அது மத்தவங்க வெலலா, அக்கா. ஒங்களுக்கு நான் ஏத்துறது இல்ல. ரொம்பக் கட்டுப்படியாகலன்னா எப்பவாச்சும் ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி. அதுக்கே எங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிறேன்."

"நான் நோட்டுல எழுதறத நீ பார்த்திருக்கியேடா."

"பார்த்திருக்கேன். வீட்டுச் செலவு எழுதறீங்கன்னு நெனச்சேன்."

கடைக்குள் இருந்த சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருவன் என்மேல் வைத்த பாசத்தை விலை என்று எழுதி வந்திருக்கிறேன். வலை அதைப் பாடமாகப் படித்திருக்கிறது.

அலுவலகத்துக்கு உடனே போகவில்லை. ஆற்றங்கரையில் நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது; அதையும் எழுதத்தான் வேண்டும். ஹேமா கடைக்குப் புதிது, ஏமாற்றிவிட்டார்கள் என்றால் எல்லாரும் நம்புவார்கள். இனிமேல் சரியான விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுதினால் யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு வருடம் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது கோவிந்தம்மா அக்கா திரையைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. மாடி ஏறினேன்.

சார் நான் சொன்னது முழுவதையும் கேட்டார். பென்சிலைச் சீவத் தொடங்கினார். சீவல் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

"வாங்கித்தான் எழுதணும்னு ரூல் போட்டது நான்," என்றார். "யாருகிட்ட வாங்கறீங்கன்னு நான் கேக்கல."

 ஹேமாவைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் அவள் எழுதியதுதான் சரி என்றார். பிறகு பழைய விலைகளை எப்படி மீட்பது என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

மணியத்திடம் கணக்குப் புத்தகம் கிடையாது. ஆனால் மொத்த வியாபாரிகள் கொடுத்த ரசீதுகளைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் குத்திக் குத்தி வைத்திருந்தான். ஐந்து மதியங்கள் நானும் ஹேமாவும் அவன் கடையில் உட்கார்ந்து அந்தக் கம்பியை இறக்கினோம். ஒவ்வொரு ரசீதுக்கும், அந்த வாரம் மற்றவர்களுக்கு என்ன விலைக்கு விற்றாய் என்று கேட்போம். அவன் கண்ணை மூடி யோசித்துச் சொல்வான். பழைய ரசீதுகள் மஞ்சளும் மிளகாயும் மணத்தன. பாதிக் கம்பி இறங்கியபோது மணியம், நான் கெடுதல் செய்துவிட்டேனா அக்கா என்று கேட்டான். நான் கம்பியிலிருந்து அடுத்த ரசீதை உருவினேன். அவன் அம்மாவும் அந்த நிதியில்தான் பணம் வாங்குகிறார்.

திருத்திய விலைகளை வைத்து ஹேமா வலையை முதலிலிருந்து பழக்கினாள். திரையில் கோடு மறுபடி உச்சியிலிருந்து இறங்கியது. இந்த முறை நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அது சொன்ன பதில் முன்பு பைத்தியம் என்றார்களே, அதேதான். பத்திரங்களை விற்றோம். வட்டி ஏறியதால் அவற்றின் மதிப்பு அதற்குள் இறங்கியிருந்தது, நஷ்டத்துக்குத்தான் விற்றோம். அந்த வருடம் நிதியில் சேரக் காத்திருந்த பன்னிரண்டு பேரைச் சேர்க்க முடியவில்லை. அவர்களுக்கான கடிதங்களை நானே தட்டச்சு செய்தேன். தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தவள்தானே, அந்த வேலை மறக்கவில்லை.

ஏற்கெனவே இருந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுத்ததை எல்லாம் சேர்த்துத் தர வேண்டும் என்று சார் குழுவில் நின்று வாதாடினார். ஒப்புதல் கிடைத்தது. கோவிந்தம்மா அக்காவின் பணத்தை வங்கியில் போடாமல் நேரில் கொண்டு போகலாம் என்றார். ஒரு சனிக்கிழமை காலை அவருடைய பழைய காரில் போனோம். வழியில் சிகிஞ்சான் நெல் வயல்களில் தண்ணீர் நிரம்பி வானம் முழுவதும் கீழே கிடந்தது. 

அக்கா மெலிந்திருந்தார். அடுப்பில் சோறு மட்டும் இருந்தது. நாங்கள் செய்த தவறு, அது எப்படி நடந்தது, கணக்கில் இருந்த விலை உண்மையான விலை இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சார் உறையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அக்கா அதைப் பிரிக்கவில்லை.

"அன்னிக்கு நீ கோடு காட்டுனியேம்மா. வெல ஏறலன்னு. அப்ப நான்தான் அதிகமாத் திங்கறேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பியிருந்தார். அழக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அன்றைக்கு என்னால் கேட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என் வேலையில் மிச்சம் இருந்த மாதங்களில் சார் ஒரு புது விதி போட்டார். எழுதப்படும் விலை, கடையில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற ஆள் கொடுத்த விலையாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்று நோட்டில் ஒரு தனிப் பத்தி. இணையப் பக்கத்திலிருந்து விலை எடுக்கப் போகிற தம்பிமார்களே, அந்தப் பக்கம் யாரையும் அக்கா என்று கூப்பிடாது என்பது உண்மைதான். ஆனால் கோவிந்தம்மா அக்கா போகிற கடையும் அந்தப் பக்கத்தில் இருக்காது. வலை எதைத் தப்பு என்று நினைக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

மணியம் என்னிடமும் மற்றவர்கள் விலையே வாங்கத் தொடங்கினான். என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்துத்தான் சொல்வான். நானும் பையைப் பார்த்துத்தான் கொடுப்பேன். நியாயமாகத்தான் நடந்துகொண்டோம், ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமானை வாங்கியதும் நிற்காமல் திரும்பிவிடுவேன்.

ஓய்வு பெற்று வந்த முதல் வெள்ளிக்கிழமை என் கால்கள் தாமாகவே அந்தக் கடைக்குப் போய்விட்டன. கையில் நோட்டு இல்லை. மணியம் என் கையைப் பார்த்தான்.

"இனிமே எழுத மாட்டீங்கதானக்கா?"

"மாட்டேன்டா. வேல முடிஞ்சிருச்சு."

இரண்டு கிலோ சின்ன வெங்காயம் நிறுத்தான். "கிலோ ஏழு வெள்ளி," என்றான், இந்த முறை என் முகத்தைப் பார்த்து. கடை வாசல் அட்டையில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. நான் கிலோவுக்கு ஏழு வெள்ளியே கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

ஒரு கிலோவை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கோவிந்தம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். வெங்காயத்தை முறத்தில் கொட்டி, ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்தார். நல்ல காய் என்றார். பிறகு கேட்டார்.

"என்ன வெலம்மா?"

"பன்னெண்டு வெள்ளி அக்கா," என்றேன்.

அவர் தலையாட்டினார். "ஆமா. இங்கயும் அப்படித்தான் விக்கிது."